மண்ணில் படிந்த 1963: சீசியம் அடுக்கு பிறந்த கதை

நீலகிரியில் பிக்கட்டிப் பக்கம் மழை வலுத்தால் சரிவுத் தோட்டங்களின் மேல்மண் ஓடையில் இறங்கி, குந்தா ஆற்றோடு போய் அணைகளில் சேறாகத் தங்கும். அந்த மண்ணோடு பயணம் செய்யும் ஒரு பொருளுக்குப் பிறந்த தேதி உண்டு.

அது சீசியம்-137. யுரேனியமோ புளூட்டோனியமோ பிளக்கும்போது உண்டாவது. 1945 ஜூலை 16-இல் அமெரிக்கப் பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோதுதான் அது காற்றில் கலக்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஹைட்ரஜன் குண்டுகள் அதை வானின் உச்சிக்கே தூக்கின. அங்கிருந்து உலகைச் சுற்றி, மழையோடு எல்லா நாட்டு மண்ணிலும் இறங்கியது.

1954 மார்ச் 1-இல் பிகினித் தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், மார்ஷல் தீவு மக்கள் மீதும் ஜப்பானியப் படகொன்றில் இருந்த 23 மீனவர்கள் மீதும் கொட்டியது. அடுத்த மாதமே, சோதனைகளை நிறுத்தி வைக்கும்படி நேரு நாடாளுமன்றத்தில் கோரினார். 1962-இல், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் சென்று கென்னடியிடம் இதே வேண்டுகோளை வைத்தார். 1963 ஆகஸ்ட் 5-இல் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. சீசியம் அதிகமாக விழுந்ததும் அந்த ஆண்டுதான். பிறகு அது சரிந்தது.

சீசியம் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் ஏரிச் சேற்றைத் துளையிட்டு எடுக்கும் ஆய்வாளர்கள், அது மிகுந்திருக்கும் அடுக்கை 1963 என்று அடையாளம் காண்கிறார்கள். கலையாத சோலை மண்ணில் இருக்கும் அளவோடு உழுத சரிவின் அளவை ஒப்பிட்டால், எவ்வளவு மேல்மண் போயிற்று என்றும் கணிக்கலாம்.

1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஐரோப்பிய மண்ணில் இன்னொரு அடுக்கு விழுந்தது. அதனால் வேல்ஸ் மலைகளின் ஆடுகளை விற்பதற்கு விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. சுற்றுச்சூழல் வரலாற்றாளர் கேட் பிரவுன் செர்னோபிலைத் தனியொரு விபத்தாகப் பார்ப்பதில்லை. குண்டுச் சோதனைகளில் தொடங்கிய நீண்ட பாதிப்பு அங்கே வேகம் பிடித்தது என்கிறார். மனிதர் மறந்த தொடர்ச்சியை மண் விடாமல் வைத்திருக்கிறது.

சீசியத்தில் பாதி அழிய 30 ஆண்டு ஆகும். 1963-இல் விழுந்ததில் ஏறக்குறைய கால் பங்கு இன்னும் மிச்சம். நம் மலையில் அதன் அளவு மிகக் குறைவு, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் யாரோ எங்கோ வெடித்தது நம் தோட்டம் வரை வந்தது என்பதையும், நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களில் நம் ராஜாஜியும் இருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.