பாலாற்றில் திரும்பிய நாய்கள்

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோரைப் பற்றிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் தமிழ் பேசுவோர்; மலையை ஆள்பவர் என்பதால் இப்பெயர் வந்தது என்பர்.) வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலும், பின்னர் 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அக்கதை பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்து வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டனராம். வேளாளர் ஏளனமாய் மறுத்தனர். சினந்த வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் தாங்கள் மாண்டதாகக் கொண்டு ஈமக்கடன்களை முடித்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர்.

பாலாற்றில் வெள்ளம். ஆடவர் எப்படியோ கரை சேர்ந்தனர். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. வேடரை வென்று கன்னியரை மீட்டுக்கொண்டு அவர்கள் ஊர் வந்தபோது மனைவியர் கைம்பெண் கோலத்தில் இருந்தனர். சடங்குகள் யாவும் முடிந்துவிட்டன. உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்யலாயினர்.

இது நடந்தது சக ஆண்டு 1055, அதாவது கி.பி. 1132 என்று கையேடு குறிக்கிறது. அந்தக் கணக்கை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வாய்மொழிக் கதைக்கு ஆண்டு குறிப்பது பெரும்பாலும் எழுதுகிறவரின் ஆசையே. ஆயினும் கதையின் உள்ளீடு நம்மை நிறுத்துகிறது. பழங்குடியினர் என்று நாம் அழைக்கும் மக்கள், தாங்கள் வந்தேறியவர்கள் என்றே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கின்றனர். அதுவும் வெற்றி பெற்று வந்தவர்களாக அல்லர். புறப்பட்ட ஊருக்குத் திரும்ப முடியாமற்போனவர்களாக.

குடிபெயர்வோர் எத்தனை பேர், எத்தனை பேரை விடலாம், எத்தனை பேரைத் தடுக்கலாம் என்ற விவாதம் நம் நாட்டில் நூறாண்டுக்கு மேல் பழையது. அதில் வட ஆர்க்காட்டிற்குத் தனி இடமுண்டு. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகப் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவருள் இம்மாவட்டத்தார் மிகப் பலர். 1912-இல் கோகலே, இம்முறையை ஒழிக்கக் கோரி வைஸ்ராயின் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார், அது தோற்றது. 1916-இல் மாளவியா கொணர்ந்த தீர்மானத்தை அரசு ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே ஆள் சேர்ப்பு நின்றது. 1922-இல் குடியேற்றச் சட்டம் வந்தது. 1938-இல் மலாயாவுக்கும் 1939-இல் இலங்கைக்கும் கூலிகள் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. தோட்டத் தொழிலாளியின் கூலியும் மானமும் காக்கப்பட வேண்டும் என்பதே தடையின் நோக்கம் என்றனர். உண்மைதான். ஆயினும் பஞ்சத்தில் வாடியவனுக்குத் தடைக்குப் பதிலாக உள்ளூரில் என்ன கிடைத்தது என்பது அந்த விவாதங்களில் மிக மெல்லிய குரலாகவே ஒலித்தது.

இலங்கையின் கதை இன்னும் கசப்பானது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சகோதரர் சொத்தைப் பிரிக்கையில் ஆடு மாடுகளை எண்ணுவது போல் மனிதரை எண்ணினர். எண்ணப்பட்டவர்களை எவரும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை.

கடல் கடந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், மலையிறங்கியவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியது மிக அண்மையில்தான். சாமையும் தினையும் கேழ்வரகும் மழையை நம்பிய பயிர்கள். புளி, கடுக்காய், தேன் ஆகியவை பருவத்தோடு முடிந்துவிடும். ஒரு காலத்தில் ஜவ்வாது மலையின் பெருமையாக விளங்கிய சந்தனமோ வனத்துறையின் உடைமை. அது திருப்பத்தூர்க் கிடங்குக்குச் சேர வேண்டியது. அதுவும் வெட்டித் தீர்க்கப்பட்டது. எஞ்சிய மாதங்களுக்கு மக்கள் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், கேரளத்துக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கும் இறங்கினர். சிலரைத் தரகர்கள் வேறொரு திசைக்கு அழைத்தனர். கோடாலி பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு ஆந்திரத்தின் சேஷாசலக் காடுகளில் முன்பணம் காத்திருந்தது. இலங்கைத் தோட்டக் கங்காணியும் முன்பணத்தோடுதான் நம் ஊர்களுக்கு வந்தான்.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்கு அருகே சந்திரகிரி வட்டாரத்துக் காட்டில், செம்மரம் வெட்டியோர் என்று சொல்லப்பட்ட இருபது தமிழர்களை ஆந்திரச் சிறப்புக் காவற்படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த குடும்பங்கள் அன்று தந்தையரையும் மக்களையும் இழந்தன. தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. உடன் வந்தவர்கள் முன்னதாகவே பிடிக்கப்பட்டனர் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். 2013 டிசம்பரில் அதே சேஷாசலக் காட்டில் வன அலுவலர் இருவர் கடத்தற்காரரால் கொல்லப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. அவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. செம்மரமும் அந்த மலைத்தொடருக்கே உரிய அரிய மரம். அதைக் காப்பது கடமையே. எனினும் வெட்டியவன் காட்டில் மாண்டான். கடல் கடந்து விற்றவன் பெயர் வெகு அரிதாகவே வெளிவந்தது.

இங்கே வரலாற்று மாணவர் ஒருவர் வரைபடத்தை விரித்துப் பார்ப்பாராக. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரை, சந்திரகிரி வட வார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கதையில் வரும் கங்குந்தியும் அவ்வாறே. இன்று அது ஆந்திரத்துக் குப்பம் பகுதியில் உள்ளது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது நடுவே மாநில எல்லை விழுந்தது. பாட்டன் ஒரே மாவட்டத்துக்குள் நடந்து போன வழியில் பேரன் அயல் மாநிலத்தான் ஆனான். பழங்குடி என்ற தகுதியும் அவனோடு எல்லையைக் கடப்பதில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயேகூட, பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே சில பழைய மாவட்டங்களின் பெயர்களே உள்ளன. அதனால் ஈரோட்டுப் பர்கூர் மலையில் வாழும் மலையாளி அப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் எழுந்த விவாதத்தில் இரு குரல்களை அதிகம் கேட்டோம். திருட்டு வேலைக்கு ஏன் போனார்கள் என்றது ஒன்று. மலையிலேயே வேலை கொடுத்து அவர்களை இறங்காமல் நிறுத்துங்கள் என்றது மற்றொன்று. இரண்டாவது இரக்கமுள்ளதுதான், நாமும் அப்பக்கமே சாய்வோம். ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. சமவெளியில் பிறந்தவர் மகன் துபாய்க்கும் கனடாவுக்கும் போவது முன்னேற்றம். மலையில் பிறந்தவர் மகன் பேருந்தேறுவது மட்டும் தடுக்க வேண்டிய நோயா? நம் பங்குகளில் வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்காத வாரம் உண்டா? இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் எழுதிய மடலில், நல்வாழ்வு தேடித் தாயகம் விட்டுச் செல்வது மனிதனின் உரிமை என்றும், அவ்வாறு செல்ல நேர்வது ஒருவகையில் இழப்பே என்றும் ஒருங்கே கூறினார். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். அதனால்தான் நம் மேடைகள் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடுகின்றன.

மலையிலிருந்து இறங்குவோரைப் பற்றிய பேச்சில் மலைக்கு ஏறுவோரை நாம் கணக்கிடுவதே இல்லை. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு நாட்டின் எப்பகுதியிலும் சென்று குடியிருக்கக் குடிமக்கள் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பழங்குடியினரின் நலன் காக்க அதற்கு வரம்பு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்கூட அறிவிக்கப்படவில்லை. 2006-இன் வன உரிமைச் சட்டமும் நீதிமன்றத் தடையால் இங்கே பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2016-இல்தான் வழி திறந்தது. உழுத நிலத்துக்கு ஒரு காகிதம் கிடைக்கக் காத்திருந்த அந்த ஆண்டுகளுக்குள்ளேதான் 2015 ஏப்ரலும் வந்து போயிற்று.

பழங்கதைக்கே திரும்புவோம். ஏழு ஆடவர் எங்கே போனார்கள், யாரை மணந்தார்கள் என்பதைக் கையேடு சொல்கிறது. மீட்டு வரப்பட்ட ஏழு கன்னியர் என்னவானார்கள் என்பதைச் சொல்லவில்லை. நனைந்த நாய்கள் வாசலில் வந்து நின்ற அன்று தாலியைக் கழற்றி, பின்னொரு நாள் கணவன் தெருவில் உயிரோடு நடந்து வரக் கண்ட அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்லவில்லை. எழுதிய அலுவலர் மலையில் கேட்ட கதையைத்தான் எழுதினார். காஞ்சியில் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.