ஓடிபி பிறந்த கதை

சேத்தியாத்தோப்பு கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா நகல் எடுக்க வந்த பாட்டியிடம், "ஆயா, ஓடிபி வந்துதா பாரு" என்கிறார் கடைக்காரத் தம்பி. ஆயா போனை நீட்டுகிறார். பக்கத்தில் நிற்பவர் ஆறு எண்ணையும் உரக்கப் படிக்கிறார். கடையில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிறது. அந்த எண் ஏன் பிறந்தது என்று தெரிந்தவருக்கு அப்படிப் படிக்க நா எழாது.

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1961-இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள, ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஆளுக்கொரு சொல் வைத்தார்கள். மறு வருடமே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கூடுதல் கணினி நேரம் வேண்டும் என்பதற்காக, எல்லாருடைய கடவுச்சொல்லையும் அச்சடித்து எடுத்துவிட்டார். மாறாமல் இருக்கும் ரகசியம் ஒருமுறை வெளியே வந்தால் போதும், அதற்குப் பிறகு அது ரகசியம் இல்லை.

இந்தக் குறைக்கு மருந்து கண்டவர் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட். கம்பியில் போகும் சொல்லை ஒருவன் ஒட்டுக்கேட்டாலும், கணினியில் சேமித்ததைத் திருடினாலும் பயன்படக் கூடாது. அதற்கு என்ன வழி என்று யோசித்து 1981-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

அவருடைய வழியைப் புரிந்துகொள்ள நம்மூர் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையை நினைத்தால் போதும். கரும்பைப் பிழிந்தால் சாறு வரும்; சாற்றைத் திரும்பக் கரும்பாக்க முடியாது. கணிதத்திலும் அப்படி ஒருவழிப் பிழிவு உண்டு. உங்கள் ரகசியத்தை ஆயிரம் முறை பிழிந்து, ஆயிரமாவது சாற்றை மட்டும் கணினியிடம் கொடுத்து வையுங்கள். இன்று உள்ளே போக 999-ஆவது சாற்றைக் காட்டுகிறீர்கள். கணினி அதை இன்னொரு முறை பிழிந்து, தன்னிடம் உள்ளதோடு ஒத்துப்பார்த்துக் கதவைத் திறக்கும். இனி அந்த 999-ஐயே தன்னிடம் வைத்துக்கொள்ளும். நாளைக்கு 998. இன்றைய சாறு திருடன் கையில் கிடைத்தாலும், அதைக்கொண்டு நாளையதை அவனால் செய்ய முடியாது. ஒருமுறை பயன்பட்டதும் செத்துப்போகும் கடவுச்சொல், அதாவது ஓடிபி, இப்படித்தான் பிறந்தது.

இந்த முறையை அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகம் 'எஸ்/கீ' என்ற பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2005-இல் வேறொரு கணக்கில், எண்ணிக்கை ஏற ஏற மாறும் எண்ணுக்குப் பொது விதி வந்தது. 2011-இல் நேரத்தை வைத்து மாறும் எண்ணுக்கும் விதி வந்தது. போன் செயலிகளில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறதே, அது இதுதான்.

இந்தியாவில் ஓடிபி வீடுவீடாக வர வழி செய்தது ரிசர்வ் வங்கி. 2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் கார்டு கொண்டு பணம் கட்டும்போது, கார்டில் அச்சிடாத ஒரு தகவலைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பல வங்கிகள் முதலில் நிலையான கடவுச்சொல்லையே கேட்டன. பிறகு எல்லார் கையிலும் இருந்த போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் எண் அனுப்பத் தொடங்கின. அந்த எண் லாம்போர்ட்டின் சங்கிலியில் வருவது இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது. ஆனாலும் ஒருமுறைதான் செல்லும் என்ற குணம் அதே குணம். அதோடு, சில நிமிடமே உயிரோடு இருக்கும்.

அந்தச் சில நிமிடத்தைத்தான் மோசடிக்காரன் குறிவைக்கிறான். "பேங்கிலிருந்து பேசுறோம், நம்பர் சொல்லுங்க" என்கிறான். செத்த எண்ணால் அவனுக்குப் பயன் இல்லை. உயிரோடு இருக்கும்போதே நம் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறான். கம்பியில் ஒட்டுக்கேட்பவனை லாம்போர்ட் தோற்கடித்துவிட்டார். நாமே வாய்விட்டுச் சொன்னால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள் பெரியவர்கள். போனில் கேட்பவருக்கு ஓடிபி சொல்லவே சொல்லாதீர்கள். கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எதற்கு வந்த எண், எவ்வளவு தொகை என்று செய்தியை முழுதாகப் படித்து, நீங்களே தட்டுங்கள். படிக்கத் தெரியாத ஆயாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் செய்தியைக் காதோடு சொல்லட்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.