பங்கு கேட்டவர்

வசதியான நாட்டுல இருந்துக்கிட்டு குறை சொல்றவனை ‘நன்றி கெட்டவன்’ என்பது எல்லா ஊர் ஆண்டைக்கும் வாய்ப்பாடம். 1956 ஜூன் 12இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் நிறுத்தப்பட்டார். ரட்கர்ஸ் கல்லூரியில படிச்சவர்தானே, உமக்கு என்ன பாகுபாடு என்றார்கள். ரஷ்யாவிலேயே இருந்திருக்கலாமே என்றார்கள். என் தகப்பன் அடிமை; இந்த நாட்டைக் கட்டிச் செத்தது என் சனங்கள்; இங்கேதான் இருப்பேன், எனக்கும் பங்குண்டு என்று திருப்பிச் சொன்னார் ரோப்சன். ‘பங்கு’ — அதைத்தான் கவனிக்கணும். கூலியில்லாம பருத்திக்காட்டுல உழைச்சவன் வாரிசு கணக்குத்தானே கேப்பான், கும்பிடா போடுவான்? இதுல ஒரு கூத்து. ரஷ்யாவுக்குப் போகலாமே என்றவர்களின் அரசாங்கம்தான் 1950இல் அவர் பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருந்தது. 1958இல்தான் திரும்பக் கொடுத்தது.