வாசகர் சங்கம் என்று ஒரு பதிப்பகம்

கம்பஸ் இரண்டாம் வருஷத்தோட எங்களில் கனபேருக்கு வாசிப்பு நின்றுபோகும். அசைன்மென்டுக்கு வாசிப்போம், போனிலயும் நாள் முழுக்க எதையாவது வாசிப்போம். ஆனா ஒரு நாவலை எடுத்தா இருபது பக்கம் தாண்ட ஏலாது. அப்படியான நேரத்தில் "இதை வாசிச்சுப் பாருங்க" என்று கையில் ஒரு புத்தகத்தைத் தாற ஆள் ஒருத்தர் இருந்தாப் போதும், வாசிப்பு திரும்பத் தொடங்கிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எங்கட கல்முனையில் ஒரு இலக்கியத் தலைமுறையே இப்படி ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்துத்தான் வளர்ந்தது என்பதை நாங்கள் பேசுவது குறைவு.

பிரதான வீதியால் வடக்கிலிருந்து வந்தா பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். சைக்கிளில் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிஞ்சிடும். 1960களில் இந்த வீதியில் கவிதையும் புத்தகமும் மேலயும் கீழயும் போய்வந்தன. பெரியநீலாவணையில் நீலாவணன் (1931–1975) இருந்தார். ஆசிரியர், கவிஞர், கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமானும் அவரோடு பழகி வளர்ந்தவர்கள். பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம். யார் எந்த ஊர் என்பது தெரியாமல் இல்லை. தெரிஞ்சும், ஒருத்தர் எழுதினதை மற்றவர் வாசித்தார், திருத்தினார், சண்டையும் பிடித்தார்.

நுஃமான் 1969 இல் 'கவிஞன்' என்ற கவிதை இதழைத் தொடங்கினார். அது அடுத்த வருஷத்தோட நின்றது. ஆனா அந்தக் காலத்தில் கல்முனையில் உருவான பதிப்பு முயற்சி நின்றுவிடவில்லை. அதன் பெயரைப் பாருங்க: 'வாசகர் சங்கம்'. வாசிக்கிறவர்கள் தாங்கள் விரும்பினதை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று அச்சிட்டால் அந்தப் பெயர்தானே பொருந்தும்? அளவெட்டிக் கவிஞர் மஹாகவியின் நூல் கல்முனையிலிருந்து வெளிவந்தது இப்படித்தான்.

1979 இல் சி. மௌனகுரு, மௌ. சித்திரலேகா, எம். ஏ. நுஃமான் மூவரும் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' அங்கிருந்து வந்தது. அது இலக்கிய வரலாறு. ஆனா வாசிப்பு நின்றுபோன ஒருத்தருக்கு, அடுத்து எந்த எழுத்தாளரைத் தேடலாம் என்று காட்டும் நல்ல பட்டியலும்கூட. 1981 இல் நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' வந்தது. மஹ்மூத் தர்வீஷை எங்கட கரையில் தமிழில் வாசிக்க முடிந்தது. அதே வருஷம் ஜூன் மாதம் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவரும் இந்தக் கல்முனைக்குடிக்காரர்தான். வேறு ஊரின் புத்தகமும் தன்னுடையது என்று நினைக்கிற ஆளால்தான் அப்படி எழுத ஏலும்.

1990 இல் கிழக்கில் நடந்த கொலைகளுக்குப் பிறகு அதே வீதி வேற வீதியாப் போச்சு. பக்கத்து ஊர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கதைப்பது குறைந்தது. யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும், பிரதேச செயலகப் பிரச்சினை என்று வந்தா ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். இதைப் பற்றிப் பேசும்போது காணியையும் கதிரையையும் கணக்கில் எடுக்கிறோம். புத்தகம் சொல்லித் தாற ஆட்களை இழந்ததை எடுப்பதில்லை.

இப்ப புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 2005 இலிருந்து இயங்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய ஈழத்து நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்குது. ஆனா ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவில் எதை முதல்ல திறக்கிற? போன் காட்டுறது நாங்கள் ஏற்கெனவே பார்த்த மாதிரியான ஒன்றைத்தான். எங்கட கூட்டாளிமாரும் பெரும்பாலும் எங்கட ஊர், எங்கட பள்ளிக்கூடம். அவர்கள் சொல்லுறதும் எங்களுக்குத் தெரிஞ்ச நாலு பேரைத்தான்.

அதனால, வாசிப்பு நின்றுபோனவர்களுக்கு நாங்கள் சொல்லுறது ஒன்றுதான். மருதமுனைப் பிள்ளை பாண்டிருப்பில் ஒரு சேரிடம் கேட்கட்டும். காரைதீவுப் பிள்ளை சாய்ந்தமருதில் ஒரு நானாவிடம் கேட்கட்டும். "நான் வாசிக்காத ஒன்றாச் சொல்லுங்க" என்று கேட்டாப் போதும். சொல்றவரும் சும்மா விடமாட்டார். வாசிச்சு முடிச்சியா என்று திரும்பக் கேட்பார். அந்தக் கேள்விக்காகவாவது இருபத்தோராம் பக்கத்தைப் புரட்டுவோம்.