இமை அறிந்த வெம்மை

பறவை தன் முட்டையை அடைகாக்கிறது. மனிதன் பறவையின் முட்டையை அடைகாக்கிறான். பின்னதன் வரலாறு, மன்னர்தம் போர்கள் மலிந்த நம் பாடநூல்களில் ஒரு வரியும் பெறுவதில்லை. எனினும் அது மாணவர்க்குச் சொல்லத்தக்கது. கோழி முட்டைக்கு வேண்டிய வெம்மை செல்சியசு அளவில் 37.5 பாகையை ஒட்டியது. நாட்கணக்கில் அதனினும் இரண்டு பாகை மிகுந்தாலே கருக்கள் மடியத் தொடங்கும். குறைந்தால் வளர்ச்சி பிந்திக் குஞ்சுகள் நலிவுறும். இத்துணைக் குறுகிய எல்லைக்குள் வெம்மையை நிறுத்த வெப்பமானி இன்றியமையாதது என்றே நாம் எண்ணுவோம். அக்கருவியோ பதினேழாம் நூற்றாண்டில்தான் உருப்பெறத் தொடங்கிற்று. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முன்னரே எகிப்தியர் கோழியின் துணையின்றிக் குஞ்சு பொரித்தனர்.

கி.மு. நான்காம் நூற்றாண்டினரான அரிசுடாட்டில், எகிப்தில் முட்டைகளை எருக்குவியலில் புதைத்துப் பொரிக்கச் செய்வர் என்று தம் விலங்கியல் நூலில் குறித்துள்ளார். சிரக்கூசு நகரத்துக் குடிகாரன் ஒருவன் முட்டைகளைப் பாய்க்கடியில் வைத்து, அவை பொரியும்வரை குடித்துக்கொண்டேயிருந்தான் என்ற கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பின்னாளில் அகசுத்தசின் மனைவியான லிவியா, கருவுற்றிருந்த காலத்தில், பிறப்பது ஆணா பெண்ணா என்றறிய ஒரு முட்டையைத் தன் மார்பிலும் செவிலியின் மார்பிலும் மாறிமாறி வைத்துப் பொரிக்கச் செய்தாள் என்பது பிளினி தரும் செய்தி. சேவற்குஞ்சு வந்தது, பிறந்தவன் திபேரியசு.

இவையெல்லாம் ஒன்றிரண்டு முட்டைகளின் கதை. எகிப்தியர் கட்டிய பொரிப்பு அடுப்புகளோ பல்லாயிரக் கணக்கில் முட்டைகளை ஏற்றன. கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்திற்குச் சென்ற பாக்தாது மருத்துவர் அப்துல் லத்தீப் அவற்றை விரிவாக எழுதிவைத்துள்ளார். பச்சைச் செங்கல்லால் எழுப்பிய கட்டடம். நடுவே ஒடுங்கிய நடை. அதன் இருமருங்கும் அறைகள். ஒவ்வோர் அறையும் இரண்டு தளம் உடையது. கீழ்த்தளத்தில் முட்டைகள்; மேல்தளத்தில், சாணமும் வைக்கோலும் கலந்த வறட்டியின் புகைத்தணல். இடையிலுள்ள துளை வழியே வெம்மை கீழிறங்கும். முதற் சில நாட்களுக்கே இத்தணல் வேண்டும். பாதி நாட்கள் கழிந்தபின் முட்டைக்குள் வளரும் குஞ்சே வெம்மையை வெளியிடுகிறது. அதனால் நெருப்பை அவித்துவிடுவர். இன்றைய உடலியல் விளக்கும் இவ்வுண்மையை அவர்கள் பயிற்சியாலேயே கண்டிருந்தனர்.

வெம்மையை அளந்தது எதனால்? முட்டையை எடுத்து மூடிய கண்ணின் இமைமீது ஒற்றிப் பார்த்தனர். அங்கே தோல் மெல்லியது. சிறு வேறுபாட்டையும் அது உணரும். நெல் உமியைச் சூடாக்கிக் கூடைகளில் நிரப்பி வாத்து முட்டை பொரித்த சீனரும், நெடுந்தொலைவுக்கு அப்பால், அதே இமையைத்தான் நம்பினர். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனரா, தனித்தனியே கண்டனரா என்பது ஒருபுறம் இருக்க, நம் உடம்பிலேயே இத்தகைய அளவுகோல் ஒன்று இருப்பது வியப்பன்றோ!

நைல் கழிமுகத்திலிருந்த பெர்மே என்னும் ஊரார் இக்கலையில் பெயர்பெற்றவர்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த இக்கல்வியைப் பிறர்க்கு அவர்கள் சொல்வதில்லை. ஊர்மக்கள் தரும் முட்டைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குஞ்சுகளாகத் திருப்பித் தருவது உடன்பாடு. மிகுதி பொரிந்தால் பொரித்தவனுக்கு. இமை பிழைத்தால் வயிறும் பிழைக்கும் என்ற நிலையில், மறைத்து வைத்தனரே என்று அவர்களைக் குறைகூற இயலவில்லை.

மறைவை உடைக்க முயன்றவர் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர். உறைநிலையை 0 என்றும் கொதிநிலையை 80 என்றும் கொண்ட வெப்பமானி அவர் பெயரால் வழங்குகிறது. பிரமிடுகளைக் காட்டிலும் இவ்வடுப்புகளுக்காகவே எகிப்து பெருமை கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அடைக்கோழியின் வெம்மை தம் அளவில் ஏறத்தாழ 32 பாகை, அதாவது 40 செல்சியசு, எனக் கண்டார். பிறகு குதிரைச் சாணக் குவியலில் பீப்பாய்களைப் புதைத்து முட்டை வைத்தார். வெம்மை சரியாக இருந்தும் கருக்கள் மடிந்தன. சாணத்தினின்று எழுந்த ஈர ஆவியே காரணம் எனப் பின்னரே தெளிந்தார். எண் ஒன்றை அறிந்தால் கலை முழுதும் கைவந்துவிடாது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது. ஆயினும் 1749இல் அனைத்தையும் நூலாக வெளியிட்டார். பெர்மே ஊரார் குடும்பத்துக்குள் வைத்திருந்ததை, படிக்கத் தெரிந்த எவரும் தொடரும்படி செய்தது அந்நூலே. ஆசிரியத் தொழில் செய்வோர் அவர் பக்கம் சாய்வது இயல்பு, நானும் அவ்வாறே.

அடுத்த நூற்றாண்டில் காவற்பணியும் கருவியிடம் சென்றது. 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைசு பொரிப்புப் பெட்டியை உருவாக்கினார். 1881இல் இங்கிலாந்தில் சார்லசு ஹியர்சன் மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்றைப் புகுத்தினார். குறித்த வெம்மையில் அதனுள் இருக்கும் நீர்மம் ஆவியாகிச் சிமிழைப் புடைக்கச் செய்யும். அது நெம்புகோலைத் தூக்க, விளக்கின் சூடு வேறுவழியே வெளியேறும். வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய பெட்டிகள் இவ்வழி வந்தவையே. கோழியும் மாறிற்று. முட்டைக்கென்றே வளர்க்கும் வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடைக்கு அமரும் இயல்பே அரிதாகிவிட்டது. நம் தோட்டப்புற வீடுகளில் வைக்கோற் கூடையில் சிலிர்த்து அமர்ந்த நாட்டுக்கோழியின் பிடிவாதம் அவற்றிடம் இல்லை.

வீட்டுப் பெட்டிக்கு மிகவும் ஏற்ற பறவைகளுள் ஒன்று கினிக்கோழி. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. சாம்பல் உடலில் வெண்புள்ளிகள். உரோமர் இதனை ஆப்பிரிக்கக் கோழி என்றனர். அருமையால் விலை மிக்கது என்பார் வார்ரோ. புதரில் மறைவாக முட்டையிடும் தாய், பொரித்த குஞ்சுகளைப் பனி நனைந்த புல்லூடே நடத்திச் செல்லும். குளிரில் பல மடியும். எனவே முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடைவைப்பது, இன்றேல் பெட்டியில் வைப்பது வழக்கமாயிற்று. கோழிக்கு 21 நாள். இதற்கு 26 முதல் 28 நாள். ஓடு தடித்தது, ஆதலின் ஒளியில் பிடித்துப் பார்த்தாலும் கரு எளிதில் புலப்படாது. விசிறியுள்ள பெட்டிக்கு 37.5 பாகை போதும். விசிறியில்லாததில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாகக் காற்று அடுக்குப்படும். அங்கே முட்டையின் மேற்பரப்பில் 38.5 பாகையேனும் வேண்டும். வெப்பமானியை எந்த உயரத்தில் வைப்பது என்பதைப் பெட்டி சொல்லாது. வைப்பவரே அறிதல் வேண்டும்.

கி.பி. முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா, கினிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் மயில் வளர்ப்பைப் போன்றதே என்கிறார். மயில் முட்டைக்கு அவர் கூறும் முறை இது: அடைக்கோழியின்கீழ் மயில் முட்டை ஐந்தும் கோழி முட்டை நான்கும் வைத்து, பத்தாம் நாள் கோழி முட்டைகளை நீக்கிப் புதியன இடவேண்டும், அப்போதுதான் இருவகைக் குஞ்சுகளும் முப்பதாம் நாள் ஒருங்கே வெளிவரும். மயில் முட்டைகளைக் கோழியால் எளிதில் புரட்ட இயலாது. வளர்ப்பவன் கையால் புரட்டவேண்டும், புரட்டியது தெரிய ஒருபுறம் மையால் குறியிட வேண்டும் என்றும் எழுதுகிறார். இன்று வீட்டுப் பெட்டியில் கினிக்கோழி முட்டை வைப்போரும் ஒருபுறம் பென்சிலால் பெருக்கற்குறியும் மறுபுறம் வட்டமும் இட்டு, நாள்தோறும் மும்முறை கையால் புரட்டுகின்றனர். கோழிக்குஞ்சுகளும் உடன் வேண்டுமாயின் ஏழாம் நாள் கோழி முட்டைகளைச் சேர்க்கின்றனர்.