கோனாட்டு நடைவழிகள்



வரலாறு என்றவுடன் அரசர் பெயர்களும், போர் நடந்த ஆண்டுகளுமே உங்களுள் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றை நெட்டுருச் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, மறந்துவிடுவதும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், அக்குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இன்று உங்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். புதுக்கோட்டைச் சீமையின் ஆற்றங்கரையிலும், காட்டோரத்திலும், குன்றுகளின் அடிவாரத்திலும் நடந்து நடந்தே கற்கக்கூடிய வரலாறு எவ்வளவு என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் வெள்ளாற்றங்கரைக்குச் செல்வோம். வெள்ளாறு காவிரியைப்போலப் பெரிய ஆறன்று. மேற்கே திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மேட்டுநிலத்தில் தோன்றி, புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே ஓடிக் கிழக்குக் கடலில் கலக்கும் மழைக்கால ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மணலைத்தான் காணலாம். ஆயினும் அதன் வரலாற்றுச் சிறப்புப் பெரிது. அதன் வடபுறம் கோனாடு; தென்புறம் கானாடு. சோழ நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் எல்லையாக நெடுங்காலம் கருதப்பட்டது இந்த ஆறே.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் என் மாணவர் முப்பது பேரை இவ்வாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். எல்லை என்பதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, “ஐயா, எல்லை என்றால் இங்கே சுவர் எதுவும் இல்லையே?” என்று கேட்டாள். பிறகு அவளே மணலில் ஒரு கோடு கிழித்து, இரு புறமும் காலை வைத்துக்கொண்டு, “ஒரு கால் சோழ நாட்டில், ஒரு கால் பாண்டிய நாட்டில்!” என்று கூவினாள். அன்று நடத்திய பாடத்தை அம்மாணவர்களுள் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய நாள் கரும்பலகையில் அதே பாடத்தை நான் எழுதிப்போட்டிருந்தேன். அதை நினைவில் வைத்திருப்பவர் எவரும் இருப்பார் என்று நான் எண்ணவில்லை.

இந்நாட்டில் நடந்தவர்களின் வரலாறு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து புறப்பட்டுக் கவுந்தியடிகளோடு காவிரிக் கரைச் சோலைகளின் வழியே நடந்து உறையூரை அடைகின்றனர். அங்கிருந்து தெற்கே செல்லும்போது மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். மதுரைக்கு வழி யாது என்று கோவலன் கேட்கிறான். கொடும்பை என்னும் ஊரின் பெரிய குளக்கரையைக் கடந்தால், சிவபெருமான் ஏந்திய சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்று அவன் கூறுகிறான். வலப்பக்க வழி வறண்ட காட்டினூடே சிறுமலைப் பக்கமாகச் செல்லும். இடப்பக்க வழி திருமாலிருஞ்சோலை மலையை ஒட்டிச் செல்லும். இரண்டிற்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. அந்தக் கொடும்பை, நம் மாவட்டத்துக் கொடும்பாளூரே ஆகும். வழிகாட்டிப் பலகையும் நிலப்படமும் இல்லாத காலத்தில், ஒரு குளமும் ஒரு மலையுமே வழிப்போக்கனுக்கு அடையாளமாக இருந்தன என்பதை இதனால் அறிகிறோம். பிற்காலத்தில் அவ்வூர் இருக்குவேளிரின் தலைநகராக விளங்கியது. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று தளிகளுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளத்தை மட்டுமே காணலாம்.

அடுத்துச் சித்தன்னவாசலுக்குச் செல்வோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மலை உயரமானதன்று, சிறுவரும் எளிதில் ஏறலாம். அங்குள்ள ஓவியத்தைக் காண வருபவர் பலர். மலையைச் சுற்றி நடப்பவர் சிலரே. சுற்றி நடந்தால்தான் அம்மலையின் நீண்ட வரலாறு படிப்படியாகத் தோன்றும். சுற்றுப்புறத்திலே பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் உள்ளன. மலைமேல் ஏழடிப்பட்டம் என்னும் குகை உள்ளது. பாறையில் வெட்டிய ஏழு படிகளால் அதற்கு அப்பெயர் வந்தது. சமண முனிவர்கள் துயின்ற 17 கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றினருகே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்துக் கல்வெட்டும் அங்கு உள்ளன. மேலைச் சரிவிலே அறிவர் கோயில். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறும். விதானத்துத் தாமரைக் குளத்தில் மீனும் யானையும் எருமையும் அன்னமும் பூப்பறிக்கும் மனிதரும் இருக்கின்றனர். கீழே நாவற்சுனை என்னும் சுனை உண்டு. நீரை இறைத்தால் மட்டுமே தோன்றும் சிறு குடைவரை ஒன்று அதனுள் இருக்கிறது. கல்வட்டத்திலிருந்து கற்படுக்கைக்கும், அங்கிருந்து ஓவியத்திற்கும் நீங்கள் நடக்கும் தொலைவு சிறிதே. கடக்கும் காலமோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

திருச்சிராப்பள்ளிச் சாலையை ஒட்டி நார்த்தாமலை இருக்கிறது. நகரத்தார்மலை என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். ‘நகரம்’ என்பது வணிகர் அவை. நானாதேசத்துத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெரும் வணிகக் குழுவினரின் தொடர்பும் அவ்வூருக்கு இருந்தது. அங்குள்ள மேலமலையின் சரிவிலே விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. வெளியே சதுரமும், உள்ளே வட்டமான கருவறையும் கொண்ட கற்றளி அது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் கட்டிய கோயில் மழையால் இடிய, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. கட்டியவனோடு பழுது பார்த்தவனின் பெயரையும் நம் முன்னோர் கல்லிலே பொறித்து வைத்தனர் என்பதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

இனிக் காட்டிற்கு வருவோம். தொண்டைமான் மன்னர்கள் இச்சமஸ்தானத்தின் காடுகள் சிலவற்றை வேட்டைக்கெனக் காத்து வந்தனர். அவற்றுள் திருவரங்குளத்துக் காடு ஒரு நிகழ்ச்சியால் புகழ்பெற்றது. 1738-ஆம் ஆண்டில் விசயரகுநாதராயத் தொண்டைமான் அங்கே மௌனியாகத் திரிந்த சதாசிவப் பிரமேந்திரரைக் கண்டார் என்றும், அவர் மணலில் விரலால் எழுதிய உபதேசத்தை அம்மணலோடு அரண்மனைக்குக் கொண்டு வந்து போற்றினார் என்றும் சமஸ்தான வரலாறு கூறுகிறது. 1948 மார்ச்சு 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. வேட்டைக் காடுகள் மக்களின் காடுகள் ஆயின.

இவ்விடத்தில் இங்கிலாந்து நாட்டுச் செய்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஆற்றங்கரையிலும் காட்டிலும் நடப்பது ஏழை எளியோரும் விரும்பும் பொழுதுபோக்கு. ஆயினும் அங்கும் பல நிலங்கள் பறவை வேட்டைக்கெனச் செல்வர்களால் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், ஆலைத் தொழிலாளரான இளைஞர் பலர் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில் தடையை மீறி நடந்தனர். அதற்காகச் சிலர் சிறை சென்றனர். 1949-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசியப் பூங்காக்களை அமைப்பதற்கும், ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள பொது நடைவழிகளை நிலப்படத்தில் குறித்து வைப்பதற்கும் அது வழி செய்தது. அம்மக்கள் வழிக்காகப் போராடினர். பெற்ற வழியில் விடாமல் நடந்தும் வருகின்றனர்.

நம் நிலை வேறு. ஆற்றங்கரையிலோ கண்மாய்க் கரையிலோ நடக்கக் கூடாது என்று நம்மைத் தடுப்பவர் பெரும்பாலும் இல்லை. நடப்பவர்தாம் இல்லை. நடவாத வழியை முள் மூடுகிறது. முள் மூடிய வழியை அயலார் வளைத்துக்கொள்கின்றனர். அண்மையில், அந்த மாணவி கோடு கிழித்த ஆற்றங்கரைக்கு நான் மீண்டும் சென்றேன். பழைய வண்டிப்பாதையைச் சீமைக்கருவேல மரங்கள் முழுவதும் அடைத்திருந்தன. சுற்றிச் சென்று ஆற்றில் இறங்கினேன். அவள் நின்ற இடத்தை என்னால் அறிய இயலவில்லை. மணல் அள்ளிய பள்ளங்களே கண்ணில் பட்டன. நான் ஆண்டுதோறும் மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தால் அப்பாதையேனும் பிழைத்திருக்கும் அல்லவா என்று வருந்தினேன். ஒருமுறை சென்றதோடு நின்றுவிட்டேன். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்பதே அப்போது என் பெருங்கவலை.

காடுகளின் நிலையும் மாறிவிட்டது. 1974-இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தோன்றிய பின், நம் மாவட்டத்துக் காட்டு நிலங்களில் பெரும்பரப்பில் தைலமரங்கள் நடப்பட்டன. காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டும். அதனால் பலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் பாலையும் வீரையும் காரையும் சூரையும் கலந்து நின்ற பழங்காட்டின் இயல்பு, ஒரே மரம் வரிசையாக நிற்கும் தோட்டத்திற்கு வாய்க்காது. நீர்வரத்துக் குறைகிறது என்று உழவர்களும் முறையிடுகின்றனர். பழங்காட்டின் மாதிரியைக் காண விரும்பினால் ஊர்தோறும் உள்ள ஐயனார் கோயில் காட்டிற்குச் செல்லுங்கள். கத்தி படாத அம்மரங்களை ஊராரின் அச்சமும் பக்தியும் காத்து வந்திருக்கின்றன.

நடந்து கற்பது புதிய முறையன்று. நம் சீமையின் வரலாற்றை எழுதியவர்களே அவ்வாறு கற்றவர்கள்தாம். புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910-இல் தோன்றியது. மகாராசாக் கல்லூரி முதல்வராக இருந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் சமஸ்தான வரலாற்றை வெளியிட்டார். 1929-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகங்கள் நூலாக வெளிவந்தன. பேருந்து செல்லாத குன்றுக்கும் குளத்துக்கும் சென்று படியெடுத்தவர்களின் உழைப்பு அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு.

ஆதலால் மாணவர்களே, மார்கழி முதல் மாசி வரையில் உள்ள நாட்களில், விடியற்காலையில், பெரியவர் ஒருவரோடு நடக்கத் தொடங்குங்கள். குடிநீரும் ஒரு குறிப்பேடும் போதும். பாறையில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள், ஓவியத்தைத் தொடாதீர்கள், சுனையிலும் மணற்பள்ளத்திலும் இறங்காதீர்கள். எதிரே வரும் ஆடு மேய்ப்பவரிடம் அக்குன்றின் பெயரையும் அந்த ஓடையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பெயர்களுள் பல எந்த நூலிலும் இல்லை. பிறகு, உங்கள் ஊர் நிலப்படத்தில் வண்டிப்பாதையாகவும் ஓடைப் புறம்போக்காகவும் குறிக்கப்பட்டவற்றுள் எவை இன்னும் நடக்கத் தக்கனவாக உள்ளன, எவை மறைந்தன என்பதைக் கணக்கெடுங்கள். ஒரு வகுப்பு மாணவர் ஓர் ஆண்டில் இதனை முடித்துவிடலாம்.

மல்லன் விடுமன் இடிந்த கோயிலைப் பழுது பார்த்தான். உங்கள் ஊரின் மறைந்த பாதை ஒன்றை நடந்து நடந்தே நீங்கள் மீட்டுத் தரலாம். நான் செய்யத் தவறிய அப்பணியை உங்களிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.