நாடியா, மூச்சா? குளோரோபார்ம் சண்டை

ஆபரேஷன் தியேட்டரில் 'பீப் பீப்' என்று கத்தும் மானிட்டரை சினிமாவிலாவது பார்த்திருப்பீங்க. நாடி, மூச்சு எல்லாம் ஒரே திரையில் ஓடும். இதில் எதைப் பார்ப்பது என்று 60 வருஷத்துக்கு மேல் டாக்டர்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அதில் ஹைதராபாத் நிஜாமின் காசும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபார்மைப் பிரபலமாக்கினார். மூணு மாசம்கூட ஆகலை. 1848 ஜனவரி 28, நியூகாசில் பக்கம் ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பெண், கால்விரல் நகம் எடுக்க மயக்கம் கொடுத்ததில் சில நிமிஷத்தில் இறந்துபோனாள். முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் பிராந்தி ஊற்றிப் பார்த்தார்கள். (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க மக்களே!) பிராந்திதான் மூச்சை அடைத்தது என்றார் சிம்ப்சன். மருந்து இதயத்தை நிறுத்திவிட்டது என்றார் ஜான் ஸ்னோ. ஆமாம், காலரா ஆராய்ச்சி பண்ணின அதே ஸ்னோதான்.

அப்புறம் ரெண்டு கட்சி. லண்டன்காரர்கள் நாடியில் விரலை வைத்தார்கள். எடின்பரோகாரர்கள் மூச்சைப் பார்த்தால் போதும் என்றார்கள். எடின்பரோவில் படித்த எட்வர்ட் லாரி ஹைதராபாத்துக்கு வந்து, நிஜாம் பணத்தில் 1888-ல் ஒரு கமிஷன் போட்டு நாய்களிடம் சோதித்தார். மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று முடிவு. லண்டன் நம்பவில்லை. 1889-ல் இரண்டாவது கமிஷன். லாடர் பிரண்டன் லண்டனிலிருந்தே வந்தார். இதயம்தான் ஆபத்து என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷன், நூற்றுக்கணக்கான விலங்குகளைப் பார்த்தபின் லாரி பக்கம் சாய்ந்துவிட்டார்!

ஆனால் சாவு நிற்கவில்லை. அதுவும் மருந்து கொஞ்சமே உள்ளே போன ஆரம்ப நிமிஷங்களில், திடீர் திடீரென்று.

1911-ல் குட்மன் லெவி என்ற லண்டன் டாக்டர் பூனைகளை வைத்து முடிச்சை அவிழ்த்தார். குளோரோபார்மை அதிகமாகக் கொடுத்தால் மூச்சு நிற்கும், சரி. அரைகுறை மயக்கத்தில் அட்ரினலின் ஏறினால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். பயந்துபோன நோயாளிக்கு அட்ரினலின் தானாகவே ஏறுமே! என் பார்வையில் லாரி பொய் சொல்லவில்லை. ஒரு விதமான சாவை நிரூபித்துவிட்டு, இன்னொன்று கிடையவே கிடையாது என்று அடித்துப் பேசினார். அதுதான் வினை.

காரணம் தெரிந்தும் அன்றைக்கு வைத்தியம் இல்லை. 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், நெஞ்சு ஆபரேஷன் முடியும் நேரத்தில் ஒரு 14 வயசுப் பையனுக்கு இதயம் இப்படி நடுங்க ஆரம்பித்தது. கிளாட் பெக் நெஞ்சை மறுபடி திறந்து, கையால் இதயத்தைப் பிசைந்து, கரண்ட் கொடுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான்.